குளச்சல் ஸ்டுடியோ ஒன்றின் க்யூ6600 கணினி: ஓவர்கிளாக்கும் பொருந்தாத பாகங்களும்

பின்னணி

குளச்சலில் கடற்கரைக்கு மிக அருகில், வீட்டின் முன்னறையையே ஸ்டுடியோவாக வைத்துக்கொண்டு, கல்யாணங்களையும் பங்குத் திருவிழாக்களையும் படம்பிடித்துத் தரும் வீடியோகிராபர் ஒருவரின் கணினியைப் பற்றியது இந்தப் பதிவு. நாகர்கோவிலில் கணினி பழுதுபார்க்கும் வேலையில் இருக்கும் என்னிடம் அது 2016 ஏப்ரலில் வந்தது.

கணினி 2008-இல் வாங்கப்பட்டது. ப்ராசசர் இன்டெல் கோர் 2 குவாட் க்யூ6600. 2007 ஜனவரியில் வெளியான இந்தச் சில்லின் அடிப்படை வேகம் 2.4 ஜிகாஹெர்ட்ஸ், அதை 3 ஜிகாஹெர்ட்ஸுக்கு ஏற்றி ஆண்டுக்கணக்கில் ஓட்டியவர்கள் உலகெங்கும் ஏராளம். மதர்போர்டு இன்டெல் பி35 சிப்செட் (ப்ராசசரை ரேமோடும் பிற பாகங்களோடும் இணைக்கும் சில்லுகள்) கொண்டது. இப்படி வேகம் ஏற்றும் ஓவர்கிளாக்குக்குத் தேவையான அமைப்புகள் அனைத்தும் அதன் பயாஸில் (கணினி எழும்போது முதலில் ஓடிப் பாகங்களை அமைக்கும் மென்பொருள்) இருந்தன. ரேம் 1 ஜிபி வீதம் இரண்டு, இரண்டுமே டிடிஆர்2-667 (667 என்பது ரேமின் வேக எண்). இயங்குதளம் 64 பிட் விண்டோஸ் 7.

அவர் புதிதாக வாங்கிய கேமரா முழு எச்டி தரத்தில் பதிவு செய்தது. அதில் எடுத்த 40 நிமிடக் கல்யாணப் படம் ஒன்றை ரெண்டர் செய்ய, அதாவது தொகுத்த காட்சிகளை ஒரே வீடியோவாக மாற்ற, 3 மணி 10 நிமிடம் பிடித்தது. மே மாதத்தில் கல்யாணங்கள் வரிசையாகப் பதிவாகியிருந்தன. புதுக் கணினி வாங்கும் நிலையில் அவர் அப்போது இல்லை. பொறியியல் படித்துக்கொண்டிருந்த அவருடைய சகோதரி மகன், ப்ராசசரின் வேகத்தை ஏற்றிவிடலாம் என்று சொல்லி, தானே முயற்சியைத் தொடங்கினார்.

என்னிடம் வருமுன் நடந்தவை

அந்த இளைஞர் முதலில் இணையத்தில் 4 ஜிபி டிடிஆர்2-800 ரேம் இரண்டு வாங்கினார். விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தது. மாட்டியதும் திரையில் எதுவும் வரவில்லை. நீண்ட பீப் ஒலி மட்டும் விட்டுவிட்டு ஒலித்தது. பழைய ரேமைத் திரும்ப மாட்டியபோது கணினி எழுந்தது. புதிய ரேம் பழுது என்று முடிவுகட்டி அதை ஒதுக்கி வைத்தார்.

அடுத்து பயாஸில் எஃப்எஸ்பியை, அதாவது ப்ராசசரையும் சிப்செட்டையும் இணைக்கும் தடத்தின் அடிப்படை வேகத்தை, 266 மெகாஹெர்ட்ஸிலிருந்து 333-க்கு உயர்த்தினார். விண்டோஸ் வந்தது, ஆனால் ரெண்டர் தொடங்கிய சில நிமிடங்களில் நீலத் திரை. ப்ராசசருக்கு வோல்டேஜ் போதவில்லை என்று எண்ணி, படிப்படியாக ஏற்றி 1.45 வோல்ட் வரை போனார். நீலத் திரை நிற்கவில்லை. வெப்பம் மட்டும் ஏறியது. கடைசியில் எல்லாவற்றையும் தொடக்க நிலைக்கே மாற்றினார். அதன் பிறகும் நீண்ட ரெண்டரின் நடுவே கணினி தானாக அணைந்து மீண்டும் தொடங்கியது. ப்ராசசர் செத்துக்கொண்டிருக்கிறது என்ற முடிவோடுதான் கேபினட்டை ஆட்டோவில் ஏற்றி, திங்கள்நகர் வழியாக என் கடைக்குக் கொண்டுவந்தார்கள்.

முதல் நாள் கவனித்தவை

கேபினட்டின் பக்கக் கதவைத் திறந்தபோதே கடல் தெரிந்தது என்று சொல்ல வேண்டும். திருகாணிகளின் தலைகள் துருவேறி, ஆடியோ ஜாக்குகளின் விளிம்பில் பச்சைப் பூச்சுப் பிடித்து, ரேமின் தங்கப் பூச்சு முனைகள் மங்கிப் போயிருந்தன. ப்ராசசர் மீதிருந்த ஹீட்சிங்க்கின் நான்கு பிளாஸ்டிக் முனைகளில் ஒன்று பிடிப்பை விட்டிருந்தது. கழற்றிப் பார்த்தால், வெப்பக்களிம்பு காய்ந்து சுண்ணாம்புப் பொருக்குபோல் உதிர்ந்தது. அதைத் துடைத்ததும் சில்லின் மேல் எஸ்எல்ஏசிஆர் என்ற குறியீடு தெரிந்தது. க்யூ6600-இன் ஜி0 என்ற பிந்தைய திருத்தத்தின் குறியீடு அது. முதலில் வந்த பி3 திருத்தம் 105 வாட் கேட்கும், ஜி0 95 வாட்டில் நிற்கும். இந்த ஒரு வரியைப் படித்த பிறகுதான் வேகத்தை ஏற்றுவது பற்றி யோசிக்கவே எனக்குத் துணிவு வந்தது.

பயாஸ் தொடக்க நிலையில் இருக்க, ப்ரைம்95 மென்பொருளை ஓடவிட்டேன். இது மெர்சென் பகா எண்களைத் தேடுவதற்காக எழுதப்பட்ட மென்பொருள். ப்ராசசருக்குள் கணக்குப் போடும் அலகுகளான நான்கு கோர்களையும் முழுச் சுமையில் வைத்துக் கணக்குப் போட வைத்து, விடையில் பிழை வந்தால் உடனே சொல்லிவிடும். கோர் வெப்பம் பத்தே நிமிடத்தில் 80 டிகிரியைத் தொட்டது. அதே நேரம், கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸின் மஞ்சள் வயரில் மல்டிமீட்டரை வைத்தபோது 11.31 வோல்ட் காட்டியது. 12 வோல்ட் தடத்துக்கு ஏடிஎக்ஸ் தரம் அனுமதிப்பது 5 விழுக்காடு ஏற்ற இறக்கம், அதாவது 11.40-க்குக் கீழே போகக் கூடாது. எஸ்எம்பிஎஸ்ஸைத் திறந்து பார்த்தேன்: வெளிப்பக்கக் கெப்பாசிட்டர்களில் இரண்டு தலை புடைத்திருந்தன. வேகம் ஏற்றாத நிலையிலும் கணினி அணைந்ததற்கு இதுவே போதிய காரணம்.

ப்ராசசரில் எந்தக் குறையும் தெரியவில்லை. வேறொரு எஸ்எம்பிஎஸ் மாட்டி, புதுக் களிம்பு தடவி, ஹீட்சிங்க்கைச் சரியாக அமர்த்தியதும் அதே சோதனை 2.4 ஜிகாஹெர்ட்ஸில் இரவு முழுவதும் பிழையின்றி ஓடியது. வெப்பம் 62-ஐத் தாண்டவில்லை.

ரேம் பற்றிய இரண்டு தவறுகள்

இந்த நிகழ்வில் அதிக நேரத்தைத் தின்றது ரேம்தான். அதனால் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலாவது, இணையத்தில் வாங்கிய 4 ஜிபி ரேம். அது பழுதல்ல. பெட்டிக்குள் இருந்த சிறு தாளில் ஏஎம்டி போர்டுகளுக்கு மட்டும் என்று அச்சிடப்பட்டிருந்தது. அதை யாரும் படிக்கவில்லை. ரேம் சில்லுக்குள் தரவு நிரைகளாகவும் நிரல்களாகவும் அடுக்கப்பட்டிருக்கும். அக்காலத்து இன்டெல் சிப்செட்டுகள் நிரல் முகவரியை 10 பிட் வரைதான் கையாளும். மலிவாகக் கிடைத்த இவ்வகை 4 ஜிபி ரேம்கள் 11 பிட் கேட்பவை. ஏஎம்டி ப்ராசசர்களில் ரேம் கன்ட்ரோலர் ப்ராசசருக்குள்ளேயே இருந்தது, அதற்கு 11 பிட்டும் புரியும். இதற்கு மேல், பி35 சிப்செட்டின் உச்ச வரம்பே 8 ஜிபிதான், ஒரு ஸ்லாட்டுக்கு 2 ஜிபி வீதம். ஆகவே பயாஸை எவ்வளவு புதுப்பித்தாலும் அந்த ரேம் அங்கே எழுந்திருக்காது.

இரண்டாவது தவறு கண்ணுக்குத் தெரியாதது. நீலத் திரைக்கு உண்மையான காரணமும் அதுவே. க்யூ6600-இன் வேகம் எஃப்எஸ்பியை 9-ஆல் பெருக்கினால் வருவது: 266-ஐ 9-ஆல் பெருக்கினால் 2400. இந்தப் பெருக்கியை 9-க்கு மேல் ஏற்ற முடியாது; எனவே வேகம் வேண்டுமென்றால் எஃப்எஸ்பியைத்தான் உயர்த்த வேண்டும். ஆனால் ரேமின் வேகமும் எஃப்எஸ்பியோடு ஒரு விகிதத்தில் கட்டப்பட்டிருக்கிறது. தொடக்க நிலையில் அந்த விகிதம் 4:5. 266-க்கு 333 வரும், அது டிடிஆர்2-667 (ஒரு துடிப்புக்கு இருமுறை தரவு போவதால் எண் இரட்டிப்பாகும்). இளைஞர் எஃப்எஸ்பியை 333 ஆக்கியபோது விகிதத்தைத் தொடவில்லை. ரேம் 416-க்கு, அதாவது டிடிஆர்2-833-க்கு, இழுக்கப்பட்டது. 667-க்கு உறுதியளிக்கப்பட்ட, முனை மங்கிய, எட்டாண்டுப் பழைய ரேம் அந்த வேகத்தில் நிற்கவில்லை. நீலத் திரையில் மெமரி மேனேஜ்மெண்ட் என்ற சொற்கள் வந்ததை அவர் கைபேசியில் படமெடுத்து வைத்திருந்தார். சான்று கையிலேயே இருந்தது. ப்ராசசர் வோல்டேஜைத்தான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

அவர் அதைக் காட்டியபோது நான் கடிந்துகொள்ளவில்லை. "அண்ணா, எல்லா வீடியோவுலயும் வோல்டேஜ ஏத்தணும்னுதான் சொல்றாங்க" என்றார். படமெடுத்து வைக்கும் பழக்கம் பலருக்கும் இல்லாதது. அந்தப் படம் எனக்கு ஒரு நாள் வேலையை மிச்சப்படுத்தியது.

எடுத்த முடிவுகள்

உரிமையாளரிடம் முதலில் ஒரு கேள்வி கேட்டேன்: வேகம் முக்கியமா, நிற்காமல் ஓடுவது முக்கியமா? "மக்களே, ராத்திரி போட்டுட்டுப் படுத்தா காலையில படம் முடிஞ்சு கெடக்கணும். எனக்கு அது போதும்" என்றார். பின்னால் எடுத்த முடிவுகள் எல்லாவற்றுக்கும் இதுவே அளவுகோல் ஆனது.

ரேமுக்கு, பயன்படுத்திய 2 ஜிபி டிடிஆர்2-800 இரண்டு வாங்கி, பழைய 1 ஜிபி இரண்டோடு சேர்த்து 6 ஜிபி ஆக்குவது என்று முடிவு செய்தேன். ஒரே நிற ஸ்லாட்டுகளில் ஒரே அளவு ரேம் இணையாக அமர வேண்டும் என்பதால் 2 ஜிபி இரண்டும் ஒரு நிறத்தில், 1 ஜிபி இரண்டும் மறு நிறத்தில். பழைய ரேமின் முனைகளைப் பென்சில் அழிப்பானால் தேய்த்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்தேன். அழிப்பான் கருத்துக்கொண்டே போயிற்று.

எஃப்எஸ்பிக்கு 333 என்ற உச்சத்தை வைத்ததும் ரேமினால்தான். பி35-இல் ரேம் எஃப்எஸ்பியைவிட மெதுவாக ஓட வழியில்லை. குறைந்தபட்ச விகிதமே 1:1. பழைய 667 ரேம் கணினியில் இருக்கும்வரை, 333-ஐத் தாண்டினால் ரேம் தன் எல்லையைத் தாண்டும். 1:1 விகிதத்தில் 333-இல் நின்றால் ப்ராசசர் 3.0 ஜிகாஹெர்ட்ஸ், ரேம் சரியாக 667. இரண்டும் ஒரே புள்ளியில் சந்திக்கின்றன. அதற்கு மேல் போக ஆசைப்படுவதற்கு இந்த வேலையில் காரணம் இல்லை.

கிராபிக்ஸ் கார்டு இணையும் பிசிஐ எக்ஸ்பிரஸ் தடத்தின் வேகத்தைத் தானியங்கி நிலையிலிருந்து எடுத்து 100 மெகாஹெர்ட்ஸில் பூட்டினேன். எஃப்எஸ்பியோடு சேர்ந்து அதுவும் ஏறினால், கிராபிக்ஸ் கார்டு மட்டுமன்றி ஹார்ட் டிஸ்க்கில் எழுதப்படும் தரவும் கெட வாய்ப்புண்டு. கல்யாண வீடியோக்கள் இருக்கும் டிஸ்க் அது. மறுபடி எடுக்க முடியாத காட்சிகள்.

கூலர் தேர்வில் அளவுகோலை எடுக்க வேண்டியிருந்தது. டவர் வகைக் கூலர்களில் பல 16 செ.மீ. உயரம் வரை இருக்கும். இந்தக் கேபினட்டில் ப்ராசசர் மேற்பரப்பிலிருந்து பக்கக் கதவு வரை 14.5 செ.மீ.தான். ஆகவே 92 மில்லிமீட்டர் விசிறி கொண்ட, சுமார் 13 செ.மீ. உயரமுள்ள சிறிய டவர் கூலரை எடுத்தேன். பிளாஸ்டிக் முனைகளை நம்பாமல், போர்டுக்குப் பின்னால் தகடு வைத்துத் திருகும் வகையாகப் பார்த்தேன். இதற்கு மதர்போர்டையே கழற்ற வேண்டும். இருந்தாலும் குளச்சல் வரை ஆட்டோவில் குலுங்கிப் போகப் போகிற கேபினட்டுக்கு அந்தப் பாதுகாப்பு தேவைப்பட்டது.

வேகத்தை ஏற்றியபோது

266-இலிருந்து 10 மெகாஹெர்ட்ஸ் அளவில் ஏற்றி, ஒவ்வொரு படியிலும் அரை மணி நேரம் சோதித்தேன். 310 வரை வோல்டேஜைத் தொட வேண்டியிருக்கவில்லை. 333-இல் ப்ரைம்95 மூன்றாவது கோரில் நின்றது: ரவுண்டிங் 0.5 வந்திருக்கிறது, 0.4-க்குக் குறைவாக இருக்க வேண்டும் என்ற செய்தி. இது ப்ராசசர் கணக்கில் தவறியதன் அடையாளம். இங்கேதான் வோல்டேஜ் ஏற்றுவதற்கு நியாயம் பிறக்கிறது. பயாஸில் 1.3375 வைத்தேன். சுமையில்லாதபோது 1.31-ம், முழுச் சுமையில் 1.27-ம் வந்தது. சுமை ஏறும்போது வோல்டேஜ் இப்படிச் சற்று இறங்குவது வடிவமைப்பிலேயே உள்ளது. பயாஸில் எழுதிய எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. முன்பு சுமையில் இருந்தது 1.22. வெப்பம் வேகத்தோடு நேராகவும், வோல்டேஜின் இருமடியோடும் ஏறும் என்பதால், கணக்குப்படி சுமார் 35 விழுக்காடு கூடுதல் வெப்பம்.

பிறகு ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ ஓட்டியபோது, நான்கு ரேமும் இருந்தால் ஒரே ஒரு முகவரியில் பிழை. எந்த இரண்டை மட்டும் வைத்தாலும் பிழையில்லை. ரேமில் குறையில்லை, நான்கையும் ஒன்றாகச் சுமக்கும் நார்த்பிரிட்ஜுக்குத்தான் (சிப்செட்டில் ரேமைக் கையாளும் சில்லு) சிரமம் என்று ஊகித்து, அதன் வோல்டேஜை 1.25-இலிருந்து 1.30-க்கு உயர்த்தினேன். மூன்று முழுச் சுற்று பிழையின்றி முடிந்தது.

கடையில் 24 மணி நேரம் ப்ரைம்95 ஓடியது. உச்ச வெப்பம் 58. அதே 40 நிமிடப் படம் 2 மணி 36 நிமிடத்தில் முடிந்தது. கேபினட்டைப் படுக்க வைத்தே ஆட்டோவில் அனுப்பினேன்.

குளச்சலில் நடந்தது

மூன்றாம் நாள் பிற்பகலில் அழைப்பு வந்தது: ரெண்டர் பாதியில் நின்றுவிட்டது. நேரில் போய்ப் பார்த்ததும் காரணம் புரிந்தது. என் கடையில் ஏசி ஓடும். சோதித்தபோது அறை வெப்பம் 24. அந்த வீட்டின் முன்னறையில், உப்புக்காற்று வராமலிருக்க ஜன்னல்களை அடைத்து வைத்திருந்தார்கள். பிற்பகல் இரண்டு மணிக்கு அறை 34 டிகிரி. கேபினட்டோ மர மேசையின் அடிப்பெட்டிக்குள், பின்பக்கம் சுவரோடு ஒட்டி இருந்தது. கோர் வெப்பம் 75. ப்ரைம்95-ஐ அங்கேயே ஓடவிட்டேன். 50 நிமிடத்தில் அதே மூன்றாவது கோர், அதே ரவுண்டிங் செய்தி. சூடு ஏற ஏற, அதே வேகத்துக்குச் சில்லு கூடுதல் வோல்டேஜ் கேட்கும். வோல்டேஜ் ஏற்றினால் மேலும் சூடாகும்.

இரண்டு வழிகள் இருந்தன. வோல்டேஜை இன்னொரு படி ஏற்றலாம். அல்லது வேகத்தைச் சற்று இறக்கலாம். கேபினட்டை மேசைக்கு வெளியே எடுத்து, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்ததும் 6 டிகிரி இறங்கியது. அதோடு எஃப்எஸ்பியை 320-க்கு இறக்கினேன்: 2.88 ஜிகாஹெர்ட்ஸ். வோல்டேஜ் அப்படியே. அந்த அறையில், ஜன்னல் அடைத்த நிலையிலேயே, இரண்டு பகலும் இரவும் சோதனை பிழையின்றி ஓடியது. ரெண்டர் நேரம் 2 மணி 42 நிமிடம். 3.0-ஐ விட்டுக்கொடுத்ததில் இழந்தது ஆறு நிமிடம்.

மின்தடையில் இன்னொரு சிக்கல் வெளிப்பட்டது. புதிய எஸ்எம்பிஎஸ் ஆக்டிவ் பிஎஃப்சி வகை, அதாவது இழுக்கும் மின்னோட்டத்தை மின்சார அலையோடு ஒத்திசைக்கும் வகை. அவரிடமிருந்த 600 விஏ யுபிஎஸ், மின்சாரம் போனதும் படிப்படியாக உடைந்த அலையைத் தருவது. இந்த இரண்டும் பல நேரங்களில் ஒத்துப்போவதில்லை. கரண்ட் போன நொடியில் கணினி அணைந்தது. யுபிஎஸ்ஸுக்குப் புது மின்கலம் போட்டுப் பார்த்தும் பயனில்லை. வீட்டில் சைன்வேவ் (சீரான அலை தரும்) இன்வெர்ட்டர் ஒன்று ஏற்கெனவே இருந்தது. அதன் பின்பக்கச் சுவிட்சை யுபிஎஸ் நிலைக்குத் தள்ளி, ஸ்டுடியோ பிளக்கை அந்த லைனில் சேர்த்தோம். அதன் பிறகு மின்தடையால் ரெண்டர் நின்றதில்லை.

பின்னர்

2016-இன் மே மாதக் கல்யாணங்கள் முழுவதும் அந்தக் கணினியிலேயே முடிந்தன.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் மாவட்டத்தைத் தாக்கியது. கடலுக்குப் போனவர்கள் பலர் திரும்பாத கரை அது. ஸ்டுடியோ பல வாரம் திறக்கப்படவில்லை, மின்சாரமும் பல நாள் இல்லை. மீண்டும் வேலை தொடங்கியபோது ரெண்டர் மூன்று மணி நேரத்தைத் தாண்டுவதாக உரிமையாளர் போன் செய்தார். மின்சாரம் இல்லாத நாட்களில் மதர்போர்டின் சிஆர்2032 மின்கலம் தீர்ந்து, பயாஸ் அமைப்புகள் அனைத்தும் அழிந்து, கணினி 2.4-க்கே திரும்பியிருந்தது. ஒரு வகையில் அது பாதுகாப்பான நிலைதான். ஆனால் சரியான எண்கள் என் குறிப்பேட்டில் மட்டுமே இருந்தன.

மாற்றிச் செய்ய வேண்டியவை

ரேமைக் கலந்து மாட்டியது என் சிக்கனம். 2 ஜிபி டிடிஆர்2-800 நான்கை ஒரே வகையாகத் தேடி வாங்கியிருந்தால் 667-இன் தடை இருந்திருக்காது. 320-இல் 4:5 விகிதம் வைத்தால் ரேமும் சரியாக 800-இல் ஓடியிருக்கும். கடையில் 24 மணி நேரம் சோதித்ததை நான் போதும் என்று நினைத்தது அதைவிடப் பெரிய பிழை. இப்போது கடைசிச் சோதனையை வாடிக்கையாளர் வீட்டில், அவர் மேசையில், பிற்பகலில் ஓட்டுகிறேன். யுபிஎஸ் என்ன வகை என்பதை எஸ்எம்பிஎஸ் வாங்குமுன் கேட்கிறேன்.

இதே சில்லை இன்று யாராவது கொண்டுவந்தால், வேகம் ஏற்றும் பேச்சுக்கு முன்பே மென்பொருளைப் பற்றிக் கேட்பேன். க்யூ6600-இல் எஸ்எஸ்இ 4.1, 4.2 எனும் ப்ராசசர் கட்டளைத் தொகுப்புகள் இரண்டுமே இல்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு எஸ்எஸ்இ 4.2 இல்லாத ப்ராசசரில் தொடங்கவே தொடங்காது. எத்தனை மெகாஹெர்ட்ஸ் ஏற்றினாலும் இல்லாத கட்டளை வந்துவிடாது.

அந்தக் கணினிக்கு ஒக்கிக்குப் பிறகு புது மின்கலம் போட்டு, போனில் நான் ஒவ்வோர் எண்ணாகச் சொல்ல, அந்த இளைஞர் பயாஸில் பதிந்தார். அதே எண்களை ஒரு தாளில் எழுதி, பக்கக் கதவின் உட்புறத்தில் ஒட்டச் சொன்னேன்: எஃப்எஸ்பி 320, பெருக்கி 9, ரேம் 1:1, ப்ராசசர் 1.3375, நார்த்பிரிட்ஜ் 1.30, பிசிஐ எக்ஸ்பிரஸ் 100. அவர் அதன் அடியில் தேதியையும், மின்கலம் மாற்றிய மாதத்தையும் தானாகவே சேர்த்து எழுதினார்.